கடைசல் பட்டறையிலிருந்து நாடாளுமன்றம் வரை: ஆகஸ்ட் பெபல்

தொழில் செய்துகொண்டே பொதுப்பணியும் ஆற்றிய ஒருவரின் வாழ்க்கையைப் பொன்விழா மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நம் சமுதாயத்துப் பெரியவர் ஒருவரைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெரியவர்களோடு கூடவே நடந்து, அவர்கள் கடையில் தேநீர் வாங்கிக் குடித்த மூத்தவர்கள் சங்கத்தில் இருக்கும்போது, 36 வயதில் நாம் அவர்களைப் பற்றி எழுதுவது முறையாகாது. நமக்குத் தெரிந்தது பூட்டு, கீல், கதவுக் கைப்பிடி. ஜாலான் புசார் வட்டாரத்தில் மர்ஹூம் அத்தா தொடங்கிய கடையைத்தான் நடத்தி வருகிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படித்ததோடு சரி, எழுத்துப் பழக்கம் கிடையாது. ஆகவே கதவுக் கைப்பிடி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறோம். அவர் தமிழரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். ஜெர்மானியர். இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் ஆகஸ்ட் பெபல்.

நம் தொழிலில் உள்ளவர்களுக்கு ஜெர்மனியின் கொலோன் நகரம் தெரிந்திருக்கும். உலக வன்பொருள் வணிகர்களெல்லாம் கூடும் கண்காட்சி அங்கே நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் போயிருந்தோம். கண்காட்சி வளாகம் ரைன் ஆற்றின் வலக்கரையில், டாய்ட்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பெருங்கோயில் உள்ள மறுகரையிலிருந்து ரயில் பாலத்தை நடந்தே கடந்தால், பாலத்தின் கம்பித் தடுப்பு நெடுகிலும் பூட்டுகள். காதலர்கள் மாட்டிச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டுப் போவார்களாம். பூட்டு விற்கிறவர் கண்ணுக்கு அது வேறு மாதிரிக் கணக்காகத் தெரியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கண்காட்சியில் ஒரு கடைக்காரர் பழைய கைப்பிடி ஒன்றை மேசைமேல் அலங்காரத்துக்கு வைத்திருந்தார். கறுப்பாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் கனமில்லாமல் இருந்தது. எபோனி மரமா என்று கேட்டோம். எருமைக் கொம்பு என்றார். இப்படிக் கொம்பில் கைப்பிடி கடைந்து விற்ற ஒருவர் இதே டாய்ட்ஸில் பிறந்து, பின்னர் நாட்டின் தொழிலாளர் கட்சிக்கே தலைவரானார் என்றும் சொன்னார். நம் ஆர்வத்தைப் பார்த்து அந்தக் கைப்பிடியை நமக்கே கொடுத்துவிட்டார். ஊர் திரும்பியதும் ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம்.

பெபல் பிறந்தது 1840 பிப்ரவரி 22. தந்தை பிரஷ்யப் படையில் கீழ்நிலை அதிகாரி. கோட்டைச் சுவருக்குள்ளேயே அமைந்த படையினர் குடியிருப்பில்தான் குழந்தை பிறந்தது. 1844ல் தந்தை காசநோயில் இறந்தார். அவருடைய சகோதரரையே தாய் மறுமணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் அவரும் இறந்தார். தாய் பிள்ளைகளோடு தம் பிறந்த ஊரான வெட்ஸ்லாருக்குப் போனார். 1853ல் அவரையும் காசநோய் கொண்டுபோனது. பெபலுக்கு அப்போது 13 வயது. படித்தது ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியில். சுரங்கத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை இருந்தது, பணமில்லை. உறவினர்கள் ஒரு கடைசல்காரரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

கடைசல் என்றால் என்ன என்று இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. சுழலும் பொருளின்மேல் உளியைப் பிடித்து உருவம் கொண்டுவரும் வேலை. இன்று லேத் என்போம். கல்லூரிப் பட்டறையில் நாமும் நின்றிருக்கிறோம். அப்போதெல்லாம் காலால் மிதித்துச் சுழற்றவேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. மரத்தூள் ஒரு பக்கம். கொம்பென்றால் சூடேறும்போது முடி கருகிய வாடை மூக்கில் ஏறும். உளி சற்று ஆழம் போனாலும் பொருள் தெறித்துவிடும். கைநிதானம் இல்லாதவருக்கு ஆகாத வேலை அது. பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் புள்ளிவிவரத்தோடு பொறுமையாகப் பேசி எதிராளியை மடக்குவார் என்று அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கைநிதானம்தான் நினைவுக்கு வருகிறது.

தொழில் பழகி முடித்தவர்கள் ஊர் ஊராக நடந்துபோய் வெவ்வேறு பட்டறைகளில் வேலை செய்து அனுபவம் பெறுவது அந்நாட்டு வழக்கம். பெபலும் 1858ல் கிளம்பித் தென் ஜெர்மனி வழியாக ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போனார். இங்கே ஒரு செய்தியைச் சங்கத்தார் கவனிக்கவேண்டும். கையில் காசில்லாமல் அலைந்த இளைஞருக்கு ஃபிரைபர்க்கிலும் சால்ஸ்பர்க்கிலும் இடம் கொடுத்தது கத்தோலிக்கத் தொழிலாளர்களின் சங்கம். அவரோ புரொட்டஸ்டண்ட் குடும்பத்தவர். சேர்த்துக்கொண்டார்கள். உட்கார ஒரு கூடம், படிக்கச் செய்தித்தாள், பேச நாலு பேர். தேவாலயக் கொள்கைகளோடு கடுமையாக மோதிய பிற்காலத்திலும், அந்த நாள்களைப் பற்றி அவர் நன்றியோடுதான் எழுதினார். இந்தத் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய நம் பாட்டன்மார்கள் ஊர்க்காரர் தங்கிய விடுதியைத் தேடிப் போனதும், அங்கே பாய் விரிக்க இடம் கிடைத்ததும் நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைதானே.

1860 மே மாதம் லைப்சிக் நகருக்கு வந்தார். அங்கேயே நிலைத்தார். மறு ஆண்டு தொழிலாளர் கல்விச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டபோது உறுப்பினரானார். மாலையில் வகுப்பு, சொற்பொழிவு, நூலகம், பாட்டு. நம் சங்கத்தின் தொடக்க கால ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய பட்டியல். வியப்பான ஒன்று: தொழிலாளருக்கு வாக்குரிமை வேண்டுமா என்ற விவாதம் எழுந்தபோது, அதற்கு அவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்ற கட்சியில்தான் பெபல் இருந்தார். பின்னாளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய தொழிலாளர் கட்சியை நடத்தப்போகிறவர் 23 வயதில் இப்படித்தான் நினைத்தார். சங்கப் பொறுப்பில் இருந்து, தொழிலாளர் குறைகளைக் காதால் கேட்டு, வில்ஹெல்ம் லீப்னெக்ட் போன்ற மூத்தவருடன் பழகிய பிறகே கருத்து மாறியது. லீப்னெக்ட் அவரைவிட 14 வயது மூத்தவர், லண்டனில் அகதியாக வாழ்ந்து திரும்பிய படிப்பாளி.

1863ல் அந்தக் கல்விச் சங்கத்தின் இரண்டாம் ஆண்டு விழா நடந்தது. சங்க உறுப்பினர் ஒருவரின் தங்கை விழாவுக்கு வந்திருந்தார். பெயர் ஜூலி ஓட்டோ. ரயில்வேத் தொழிலாளியின் மகள், பெண்களுக்கான தொப்பி அலங்காரக் கடையில் வேலை. 1866 ஏப்ரலில் இருவருக்கும் திருமணம். நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் எத்தனை சம்பந்தங்கள் பேசி முடிந்தன என்று கணக்கெடுக்க இந்த மலரில் இடம் போதாது.

திருமணத்துக்கு இரண்டாண்டு முன்பே, 1864ல், பெபல் சொந்தப் பட்டறை போட்டார். சிறிய முதல். கதவு, ஜன்னல் கைப்பிடிகள்தான் முக்கியச் சரக்கு. 1867 பிப்ரவரியில், நெசவாளர்கள் நிறைந்த கிளவ்ஹாவ், மீரானெ தொகுதியிலிருந்து வட ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது வயது 27.

இங்கேதான் ஒரு வணிகர் நிறுத்தி யோசிக்கவேண்டிய இடம் வருகிறது. அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. பிறகு உருவான பேரரசின் சட்டமே அதைத் தடுத்தது. சொத்துள்ளவர்கள் மட்டும் வரட்டும் என்பதுதான் எண்ணம். 1906ல்தான் படி கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக பெர்லினில் கூட்டத்தொடர் நடக்கும் நாளெல்லாம் லைப்சிக் பட்டறையில் முதலாளி இல்லை. முதலாளி இல்லாத கடை எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதற்குமேல், அவருடைய அரசியல் பெயர் பரவப் பரவ வாடிக்கையாளர்களும் விலகினார்கள். கைப்பிடி வாங்குகிறவர் யார்? வீடு கட்டுகிறவர், கட்டட ஒப்பந்ததாரர், மொத்த வியாபாரி. இவர்களுக்குப் பிடிக்காததையே அவர் மேடையில் பேசினார்.

நம்மைப் பற்றி ஒன்றை இந்த இடத்தில் எழுதாமல் மேலே போக மனம் ஒப்பவில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊழியர்கள் ஒன்பது பேர் நம் சங்கத்துக்கு வந்தார்கள். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. ஊரில் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த கடன் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஒப்பந்ததாரர் நம் கடையில் மாதந்தோறும் கதவுச் சாமான் எடுப்பவர். 90 நாள் தவணை, ஆனால் பெரிய தொகை. செயற்குழு கூடியது. அவரை அறிந்தவர் யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. சரக்கு வருகிறது, இறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். சங்கத்து மூத்தவர் ஒருவர்தான் அந்த ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு மனிதவள அமைச்சுக்கு நடையாய் நடந்தார். சம்பளம் கிடைத்தது. ஒப்பந்ததாரர் நம்மிடம் சரக்கெடுப்பதும் நிற்கவில்லை. பெபலின் வாழ்க்கையில் வாடிக்கையாளர் விலகிய பகுதியைப் படித்த இரவு அந்தக் கூட்டத்தின் நாற்காலிகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

1870ல் பிரான்சுடன் போர் மூண்டது. நாடே கொதித்துக்கொண்டிருந்த வேளையில், போர்ச் செலவுக்கான கடனுக்கு வாக்களிக்காமல் பெபலும் லீப்னெக்டும் ஒதுங்கினார்கள். பிரெஞ்சுப் பேரரசர் சிறைப்பட்ட பிறகும் போர் தொடர்ந்தபோது எதிர்த்தே வாக்களித்தார்கள். அல்சாஸ், லொரேன் பகுதிகளை அந்த மக்களைக் கேளாமல் பிடுங்கிக்கொள்வது அநீதி, நாளை இன்னொரு போருக்கு வித்து என்றும் பெபல் பேசினார். அந்த ஆண்டு டிசம்பரில் கைது. பட்டறை என்ன ஆகும், கைக்குழந்தை என்ன ஆகும் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரலாறு நிற்பதில்லை. மகள் ஃபிரீடாவுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை.

மூன்று மாதத்துக்குமேல் விசாரணைக் காவல். 1872 மார்ச்சில் லைப்சிக்கில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. பெபலுக்கும் லீப்னெக்டுக்கும் இரண்டு ஆண்டு கோட்டைச் சிறை. மன்னரை அவமதித்ததாக இன்னொரு வழக்கில் பெபலுக்கு மேலும் ஒன்பது மாதம், கூடவே நாடாளுமன்றப் பதவி பறிப்பு. தொகுதி காலியானதும் இடைத்தேர்தல் வந்தது. 1873 ஜனவரியில், சிறைக்குள் இருந்தவரையே நெசவாளர்கள் முன்பைவிடக் கூடுதல் வாக்கில் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

ஹூபர்டுஸ்பர்க் கோட்டையில் இருந்த காலத்தை அவர் பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டார். லீப்னெக்ட் பிரெஞ்சும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். மார்க்சின் நூல், பிளேட்டோ, வரலாறு, விவசாயம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். 1875 ஏப்ரலில்தான் முழுவதுமாக வெளியே வந்தார்.

அத்தனை காலமும் பட்டறையை நடத்தியவர் ஜூலி. கடைசல் மேற்பார்வைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு, ஆர்டர் எடுப்பது, சரக்கு அனுப்புவது, பணம் வசூலிப்பது, கூலி கொடுப்பது எல்லாம் அவர் கையில். இடையில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய்க் கணவரைப் பார்த்து வருவார். நாடெங்கும் கட்டடங்கள் எழும்பிய வேகத்தில் கைப்பிடிக்குத் தேவை பெருகியிருந்த நேரம் அது. கணவர் சிறை மீண்டபோது தொழில் நொடிந்திருக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது பெபல் இதை மறைக்கவில்லை. இப்படி ஒரு மனைவி அமைந்திராவிட்டால் தம் பொதுவாழ்வே இல்லை என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். பெரிய மனிதர்களின் சுயசரிதைகளில் மனைவிக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். நம் சங்கத்தின் சுவரில் தலைவர்கள், செயலாளர்கள் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அவர்கள் கூட்டத்துக்கு வந்த மாலைகளில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் படம் ஒன்றுகூட இல்லை. மலர்க்குழுவினர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

1876ல் இஸ்லைப் என்ற கூட்டாளி சேர்ந்தார். நீராவி இயந்திரம் வைத்த சிறு தொழிற்சாலை ஆனது. பெபலின் பங்கு விற்பனை. மாதிரிப் பெட்டியோடு ஜெர்மனி முழுவதும் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார். இந்தப் பயணம் எப்படிப் பயன்பட்டது என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது.

1878ல் பிஸ்மார்க், பேரரசர்மீது நடந்த இரண்டு கொலை முயற்சிகளைக் காரணம் காட்டி, சோசலிஸ்டுகளுக்கு எதிரான தடைச்சட்டம் கொண்டுவந்தார். அந்த முயற்சிகளைக் கட்சி செய்யவில்லை. ஆனாலும் சங்கங்கள் கலைக்கப்பட்டன, பத்திரிகைகள் நின்றன, கூட்டம் கூடினால் காவல்துறை வந்தது. 12 ஆண்டுகள் இந்த நிலை. ஓர் ஓட்டை மட்டும் இருந்தது: தனி ஆளாகத் தேர்தலில் நிற்கலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம். அந்த ஓட்டை வழியாகத்தான் கட்சி மூச்சுவிட்டது. கைப்பிடி விற்கப் போகும் வணிகரை எந்த ஊர் காவலர் தடுக்க முடியும்? போகிற ஊர்களில் தோழர்களைச் சந்திக்க அவருக்குத் தொழிலே வழி செய்தது. வீட்டில் கடிதப் போக்குவரத்தையும், சிறைப்பட்டவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள் குடும்பங்களுக்கு உதவி போய்ச்சேர்வதையும் ஜூலி கவனித்தார்.

1881ல் லைப்சிக்கிலிருந்தே அவரை வெளியேற்றினார்கள். தொழில் இருக்கும் ஊர், வீடு இருக்கும் ஊர், ஆனால் உள்ளே வரக்கூடாது. நகருக்கு வெளியே போர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் லீப்னெக்டோடு தங்கினார். சொந்தக் கடைக்குள் நுழையச் சட்டம் தடுக்கும் ஒருவரை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த நெருக்கடிக் காலத்தில்தான் அவருடைய இரண்டு முக்கிய நூல்கள் வந்தன. ஒன்று 1879ல் வெளிவந்த 'பெண்ணும் சோசலிசமும்'. தடையிலிருந்து தப்ப, வேறு பெயர் அச்சிட்ட அட்டைக்குள் ஒளித்து விற்றார்கள். அவர் உயிரோடிருக்கும்போதே ஜெர்மன் மொழியில் 50 பதிப்புகள் கண்டது. பெண் கல்வி, பெண்ணின் சொத்து, பெண்ணின் உழைப்பு, வாக்குரிமை எல்லாம் அதில் உண்டு. பட்டறையைத் தனியாக நடத்திய பெண்ணை வீட்டிலேயே பார்த்தவர் எழுதிய நூல் அது. குடும்பம், மதம் பற்றிய அவருடைய முடிவுகள் பலவற்றை நம்மால் ஏற்க முடியாது.

மற்றொன்றைச் சொன்னால் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1884ல் வெளிவந்த அதன் பொருள், இஸ்லாமிய அரபு நாகரிக காலம். ஆம், கடைசல்காரர் எழுதியதுதான். பாக்தாதின் கல்வி, குர்துபாவின் செழிப்பு, அரபியரின் மருத்துவம், வானியல், கணிதம், வேளாண்மை, வணிகம் ஆகியவற்றை விவரித்து, பண்டைய கிரேக்க ரோமானிய அறிவுக்கும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கும் இடையே பாலமாக நின்றவர்கள் முஸ்லிம்கள்தாம் என்று வாதிட்டார். அரபு மொழி அறியாதவர். ஐரோப்பிய அறிஞர்களின் நூல்களைக் கொண்டே எழுதினார். அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர். மதங்களை மனித சமூகத்தின் விளைபொருளாகப் பார்த்தவர். ஆகவே வஹீ பற்றியோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பற்றியோ நாம் அறிந்தவற்றை அந்த நூலில் தேடவேண்டாம். ஆயினும் 140 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பா தன்னைத் தவிர வேறு நாகரிகமே இல்லை என்று நடந்துகொண்டிருந்த நாளில், காவல்துறை கண்காணிப்பின் நடுவே ஒரு கைப்பிடி வியாபாரி இதை எழுத உட்கார்ந்தார். அவருக்கு இதனால் ஒரு வாக்கும் கூடியிருக்காது.

1890ல் தடைச்சட்டம் முடிந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்கு 14 லட்சம் வாக்குகள், 35 இடங்கள். பெபல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். தொழிலையும் விட்டுவிட்டு எழுத்து, கட்சி என்று ஆனார். 1892 முதல் கட்சித் தலைமையை அவரோடு பகிர்ந்துகொண்ட பால் சிங்கரும் வணிகர்தான், பெண்களுக்கான மேலங்கி தயாரித்து விற்றவர். தொழிலாளர் கட்சியின் உச்சியில் இரண்டு வியாபாரிகள் இருந்தது நமக்குச் சிறிது பெருமையாகத்தான் இருக்கிறது.

1893ல் ஸ்ட்ராஸ்பர்க் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அது அல்சாஸில் உள்ள நகரம். எந்த மக்களைக் கேளாமல் இணைக்கக்கூடாது என்று பேசிச் சிறை போனாரோ, அந்த மக்கள் 22 ஆண்டுகள் கழித்து அவருக்கு வாக்களித்தார்கள். 1895ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது. 1896ல், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் அதிகாரி கார்ல் பேட்டர்ஸ் தம் வேலையாளையும் தம்மோடு வைத்திருந்த ஆப்பிரிக்கப் பெண்ணையும் தூக்கிலிட்டதை அவையில் அம்பலப்படுத்தினார். அவர் ஆதாரமாகக் குறிப்பிட்ட கடிதம் ஒன்று மெய்ப்பிக்கப்படவில்லை; அதைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் பாய்ந்தார்கள். ஆனால் தூக்கிலிட்டது உண்மை. மறு ஆண்டு பேட்டர்ஸ் பதவி இழந்தார். இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்களை ஜெர்மன் படை அழித்தபோதும் அவையில் எழுந்து கண்டித்தவர் பெபல்.

குறை இல்லாதவர் அல்லர். கோபக்காரர். கட்சி மாநாடுகளில் மாற்றுக் கருத்துக்காரர்களைப் பொரிந்து தள்ளுவார். நூல் விற்பனையில் வந்த பணத்தில் சூரிச் ஏரிக்கரையில், குஸ்னாக்ட் என்ற இடத்தில் வீடு கட்டினார். ஏழைகளின் தலைவருக்கு ஏரிக்கரை மாளிகையா என்று ஏளனம் செய்தார்கள். உழைத்துச் சம்பாதித்த காசில் கட்டிய வீடு. நமக்கு இதில் குற்றம் தெரியவில்லை. வியாபாரி கண் அப்படித்தான் பார்க்கும் என்று சொல்வீர்களானால் சரி. வீட்டுக்கு வைத்த பெயர் வில்லா ஜூலி.

1910 நவம்பரில் ஜூலி சூரிச்சில் இறந்தார். அதற்குப்பின் பெபல் தளர்ந்துவிட்டார். 1912 தொடக்கத்தில் மருமகனும் இறந்தார். மகள் மனநோயில் விழுந்தார். அதே மாதம் நடந்த தேர்தலில் கட்சிக்கு 42 லட்சத்துக்கு மேல் வாக்குகள், 397 இடங்களில் 110. நாட்டின் மிகப் பெரிய கட்சி. 1871ல் பேரரசின் முதல் தேர்தலில் வென்றவர்கள் பெபலோடு சேர்த்து இரண்டே பேர். வீட்டில் மய்யித்தும் வெளியில் வெற்றி ஊர்வலமும் ஒரே வாரத்தில் வந்தால் ஒரு மனிதர் எதைப் பார்ப்பார் என்று நமக்குத் தெரியவில்லை.

1913 ஆகஸ்ட் 13ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பாஸுக் என்ற ஊரில் ஓய்வுக்குச் சென்றிருந்தபோது இதயம் நின்றது. வயது 73. சூரிச்சில் பல்லாயிரம் பேர் கூடி வழியனுப்பினார்கள். சில்ஃபெல்ட் கல்லறைத் தோட்டத்தில் ஜூலி இருக்கும் இடத்திலேயே அவரும் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டே பெரும்போர் வெடித்தது. பெபல் மறுத்த போர்க் கடனுக்கு அவர் வளர்த்த கட்சியே வாக்களித்தது. ஜெர்மன் பெண்களுக்கு வாக்குரிமை 1918ல் வந்தது.

இதை மலருக்குக் கொடுப்பதற்கு முன், மனிதவள அமைச்சுக்கு நடந்த அந்த மூத்தவரைப் பார்க்கப் போனோம். ஒப்பந்ததாரர் நம் வாடிக்கையாளர் என்பதையும், அன்று எழுந்து போனதன் காரணத்தையும் சொன்னோம். அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். சொல்லிவிட்டு, ரொட்டி ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றார். இதை எழுதிய நாலைந்து மாலைகளில் கடையைப் பார்த்துக்கொண்டது நம் வீட்டில்தான். இரண்டு பெரிய ஆர்டர்களை நம்மைவிட நல்ல விலைக்கு முடித்திருக்கிறார்.

கொலோனிலிருந்து கொண்டுவந்த கொம்புக் கைப்பிடியை விற்பனை அலமாரியில் வைக்கவில்லை. அதைக் கடைந்தது யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாது. கடைக்குப் பின்னால் உள்ள சரக்கறைக் கதவில் பொருத்திவிட்டோம். வரும் வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்த்து என்ன விலை என்று கேட்கிறார்கள்.